‘தந்தை’ என்று எழுதிய குழாய்

நான்கு நாட்களில் நடந்தவை, வரிசையாக:

1. விருதுநகரில் இறங்குவதற்கு முன்பே பெட்டியில் இருந்த ஐஸ் கரைந்துவிட்டது.
2. தாயில்பட்டியில் ஒரு தந்தையின் இரத்தம் எடுக்கப் போனேன். தந்தை வீட்டில் இல்லை.
3. பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
4. மூன்று வேளை எண்ணெய் புரோட்டா சாப்பிட்டேன். மூன்றாவது வேளை வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.
5. இரத்தம் கிடைத்தது. குழாய்கள் மீன் ஐஸில் பயணம் செய்தன.

நான் கோயம்புத்தூர்க்காரி. மூன்று வருடமாக ஜெர்மனியில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை. ஆடியில் ஊருக்கு வர விடுப்புக் கேட்டபோது பேராசிரியை ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தார். தாயில்பட்டியில் ஒரு குடும்பத்தின் இரத்தத்தை மறுபடி எடுத்து, மதுரையில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் உறைய வைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். “உனக்கு மொழி தெரியுமே” என்றார். கோவைத் தமிழுக்கும் அந்தப் பக்கத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தை அவருக்கு விளக்கவில்லை.

அந்தக் குடும்பத்துப் பெண் குழந்தை கார்த்திகாவுக்கு ஆறு வயது. இருபது அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். செல்களுக்குள் சக்தியைச் செய்து தரும் மைட்டோகாண்ட்ரியா அவளுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. அவள் அம்மா மாரீஸ்வரி மறுபடி கர்ப்பமாக இருந்தாள், பதினான்காவது வாரம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இதே நோய் வருமா என்று பனிக்குட நீரை எடுத்துச் சோதித்துச் சொல்லலாம். ஆனால் கார்த்திகாவின் மரபணுவில் நாங்கள் கண்ட இரண்டு பிழைகளில் எது அம்மாவிடமிருந்து வந்தது, எது அப்பாவிடமிருந்து வந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் செய்யும் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பதினேழாவது வாரம் நீர் எடுக்க நாள் குறித்திருந்தார்கள், எங்களுக்கு இருந்தது மூன்று வாரம்.

முதல் முறை அனுப்பிய இரத்தத்தில் அம்மாவுடையது வெயிலில் கெட்டுப்போயிருந்தது. அப்பாவுடையது நன்றாக வந்து சேர்ந்தது. சிக்கல் அதில்தான். மரபணுத் தொகுப்பில் இருபது இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறிய சோதனை எங்களிடம் வழக்கம். குழாய் மாறிவிட்டதா என்று பார்ப்பதற்காகச் செய்வது. அதன்படி, ‘தந்தை’ என்று எழுதிய குழாயில் இருந்தது குழந்தையின் தந்தையின் இரத்தம் அல்ல.

இதைக் குடும்பத்தாரிடம் யாரும் சொல்லவில்லை. கடிதத்தில் கேட்க முடியாது, தொலைபேசியில் அதைவிட முடியாது. படிவத்தில் இருந்தது ஒரே ஒரு எண். அதை யார் எடுப்பார்கள் என்றும் தெரியாது. இரத்தக் குழாய்களைக் குளிரில் வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்பது கிலோ இருந்தது. எனக்கு அதைவிட இந்த ஒரு வரிதான் கனத்தது.

முதல் நாள். மதுரையிலிருந்து விருதுநகருக்குப் பேருந்து. பெட்டியை இன்ஜின் பக்கத்தில் வைக்கச் சொன்னார் நடத்துநர். மறுத்திருக்க வேண்டும். விமானத்தில் வந்த களைப்பில் சரி என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனியில் பேருந்தில் பியானோவோடு ஏறினாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இங்கே திருமங்கலம் தாண்டுவதற்குள் என் சம்பளம் வரை விசாரித்துவிட்டார்கள். பக்கத்து இருக்கைப் பெண் பெட்டியைத் தட்டிப் பார்த்து, “என்ன தாயி உள்ள? குச்சி ஐசா?” என்றார். பின் இருக்கையிலிருந்து பதில் வந்தது: “குச்சி ஐஸ் விக்கிற பிள்ள பேன்ட்டு போட்டுக்கிட்டா வரும்?” இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபோது பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஓடிவந்து என் செருப்பை நனைத்தது. குழாய்கள் காலியாக இருந்ததால் நஷ்டமில்லை. இதே வெயில் திரும்பும்போதும் இருக்கும் என்பது மட்டும் புரிந்தது.

விடுதி அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. கீழே கடையில் எண்ணெயில் முழுக்கப் பொரித்த புரோட்டாவைக் கையால் நொறுக்கி, சால்னாவை ஊற்றிக் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. எந்த ஊரில் எது கிடைத்தாலும் நன்றாக இருக்கும் நிலையில் நான் இருந்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள். படிவத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் ஒன்றும் விசாரிக்காமல், எங்கே நிற்கிறேன் என்று மட்டும் கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். பெயர் கருப்பசாமி. ஆமத்தூர்க்காரர், மாரீஸ்வரியின் தம்பி, கார்த்திகாவுக்குத் தாய்மாமன். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் செல்போன் கொண்டுபோக முடியாது, அதனால் அக்கா வீட்டுக்கு வரும் அழைப்பெல்லாம் தனக்குத்தான் வரும் என்றார். “சாப்பிட்டீகளா” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி அதே புரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார்.

அவருடைய ஆட்டோவின் பின்னால் சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் போகும் காகித லோடு. முன்னால் அவரும் நானும் பெட்டியும். ஆமத்தூர் தாண்டியதும் எதிர்க்காற்றில் புழுதி முகத்தில் அறைந்தது. ஆடிக்காற்று வண்டியையே ஓரமாகத் தள்ளியது. சிவகாசியில் லோடை இறக்கும்வரை ஒரு மணி நேரம் சந்தில் நின்றோம். அடுத்த வருடக் காலண்டர்கள் அதற்குள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. எனக்கு இந்த வருடமே இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு சோடாக் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பினேன்.

தாயில்பட்டியில் மாரீஸ்வரி வீட்டு வாசலில் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கார்த்திகாவைத் தனியே விட முடியாததால் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தே வெடிக்கான குழாய்களைச் சுருட்டிக் கொடுக்கிறாள். கார்த்திகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சுருட்டிய குழாய்களை விரலில் மோதிரம் போல மாட்டி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், பெட்டிக்கு நிழல் கொடுத்தாள், சாத்தூர் காராச்சேவை ஒரு தட்டில் வைத்தாள். கணவர் சங்கரபாண்டி எங்கே என்று கேட்டேன். கம்பெனிக்குப் போயிருக்கிறார் என்றாள். சாயங்காலம் வருவாரா என்றதற்கு அவள் அடுத்த தாளை எடுத்துச் சுருட்டினாள். கருப்பசாமிதான் சொன்னார், இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் சங்கரபாண்டி பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று.

காரணமும் அவர்தான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவர், மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், ஆகவே இது தாய்வழி நோய் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு சங்கரபாண்டியின் அம்மா மருமகளோடு பேசுவதில்லை. இந்தக் கர்ப்பத்தைக் கலைத்துவிட்டு ஆமத்தூருக்குப் போகச் சொல் என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சங்கரபாண்டி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

நான் சுமந்து வந்த அந்த வரியை இந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, கையை எதிலாவது வைத்திருக்கலாமே என்று பையைத் திறந்து குழாய்களை எடுத்து வைத்தேன். ஊசியைப் பார்த்ததும் கார்த்திகா அழத் தொடங்கினாள். கருப்பசாமி உடனே சம்மணமிட்டு உட்கார்ந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் சட்டைக் கையை மடித்து, எனக்கு முன்னால் கையை நீட்டினார்.

“அவளுக்கு வேணாம், போன தடவையே நெறைய எடுத்துட்டாக. எனக்கு எடுத்துக்கங்க.”

“உங்களுக்கு எதுக்குங்க?”

“போன தடவையும் நான்தான குடுத்தேன்.”

நான் குழாய்களை மறுபடி உறைக்குள் வைத்தேன். மெதுவாகக் கேட்டேன். அவரும் மெதுவாகவே சொன்னார். மொட்டை எடுத்ததும் காது குத்தியதும் தாய்மாமன் மடியில். ஊசி என்றபோதும் பிள்ளை அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். செவிலியர் அடுத்து கையை நீட்டச் சொன்னார், நீட்டினார். படிவத்தில் சங்கரபாண்டியின் பெயர் முன்பே எழுதியிருந்தது. இவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

“அப்பா ரத்தம்னு அவங்க சொல்லலைங்களா?”

“சொல்லியிருப்பாக. ஆனா அம்மா வழி நோயின்னுதான சொன்னாக? அப்ப அம்மா வீட்டு ரத்தம்தான வேணும்? எங்க வீட்டுல ஆம்பளன்னா நான்தான். மச்சானக் கம்பெனியிலருந்து கூட்டியாந்து அன்னக்கிச் சம்பளத்தக் கெடுக்கணுமான்னு விட்டுட்டேன்.”

அக்கா தம்பியை முறைத்தாள். எனக்குச் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, சாய்ந்துகொண்டேன். ஒரு காராச்சேவையும் எடுத்து வாயில் போட்டேன். சொல்லாமலே விட்ட அந்த வரி இனி யாருக்கும் தேவையில்லை.

ஆனால் தேவையான வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. தாய்வழி நோய் என்பது பாதி உண்மை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அம்மாவிடமிருந்து மட்டும் வரும் ஒரு குட்டி மரபணுத் தொகுப்பு இருக்கிறது. அதில் பதின்மூன்று புரதங்களுக்கான குறிப்புதான் உண்டு. மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான குறிப்பெல்லாம் செல்லின் உட்கருவில் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இந்தக் குறிப்புகள் தாமாக வேலை செய்யாது. பசித்தால், ஓடினால், குளிர் அடித்தால், உட்கருவுக்குள் சில புரதங்கள் ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் தமக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாக விழிக்கும். கார்த்திகாவின் ஒரு பிரதியில் குறிப்பிலேயே பிழை. இன்னொரு பிரதியில் குறிப்பு சுத்தமாக இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அந்தப் புரதம் உட்கார வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் மரபணு சரியாக விழிப்பதில்லை. முன்பு சோதித்தவர்கள் குறிப்பை மட்டும் படித்துவிட்டு, ஒரு பிழைதான் இருக்கிறது, அது போதாது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊகம், குறிப்பில் உள்ள பிழை அப்பாவிடமிருந்து, முன்னால் உள்ள பிழை அம்மாவிடமிருந்து.

இதை எத்தனை எளிமையாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. மாரீஸ்வரி கையில் இருந்த தாளைச் சுருட்டி ஒட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அப்ப எங்கிட்ட சரக்கு நல்லாத்தான் இருக்கு, ஆர்டர்தான் வரல. அவுககிட்ட ஆர்டர் வருது, சரக்கு நமுத்துப் போச்சு. ரெண்டும் சேந்து எம்பிள்ளைக்கு.”

ஆமாம் என்றேன். அப்படித்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, இன்னும் நிரூபிக்கவில்லை என்றும் சேர்த்தேன். அடுத்த கருத்தரங்கில் இதைத் திருடிச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“வயித்துல இருக்கிறதுக்கு எப்பத் தெரியும்?”

கணவர் இரத்தம் கிடைத்தால் மூன்று வாரத்தில் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம் என்றேன். அன்று சாயங்காலம் ஆறரை வரை காத்திருந்தோம். சங்கரபாண்டி வரவில்லை. நான் சிவகாசியில் ஒரு விடுதிக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள். கருப்பசாமியே ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் அந்தத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். காய்ந்த காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள். ஆட்களை இறக்கிவிட்ட வேன்கள் வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றன. காவலாளி என் செல்போனை வாங்கி வைத்தார். பெட்டிக்குள் வெப்பத்தைப் பதியும் கருவியில் பேட்டரி இருக்கிறது என்றதும் பெட்டியையும் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நியாயம்தான். எங்கள் ஆய்வகத்திலும் இவ்வளவு ஒழுங்காக யாரும் விதியைப் பார்ப்பதில்லை.

சங்கரபாண்டி வெடிமருந்து கலக்கும் வேலையில் இருக்கிறார். அது வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், நடுவில் எழுந்து வர முடியாது என்று போர்மேன் சொல்லி அனுப்பினார். காலை ஏழு மணி முதல் பன்னிரண்டு வரை ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் என்ன ஆகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்தேன். பிறகு அதுவும் அலுத்துப்போய், பார்க்காமல் இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தவர் மெலிந்த, அமைதியான ஆள். முழங்கை வரை வெள்ளிச் சாயம் பூசியது போல அலுமினியப் பொடி. மூச்சில் போன பொடியை முறிக்கும் என்று மருந்து வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் வாழைப்பழம் ஒன்று கையில் இருந்தது, அதை உரிக்காமலே வைத்திருந்தார்.

“என்ன மச்சான், ஊசிக்குப் பயந்தா ஆத்தா வீட்டுக்கு ஓடுனீக?” என்றார் கருப்பசாமி.

“சும்மா இருலே மாப்ள.”

அவர் என்னிடம் கேட்டது நான் எதிர்பார்த்ததுதான். மச்சினன் ஏற்கெனவே கொடுத்துவிட்டானே, பெண் வழியில் வரும் நோய்க்குத் தன் இரத்தம் எதற்கு என்று ஆத்தா கேட்கிறார். நான் முந்தைய நாள் சொன்னதையே மறுபடி சொன்னேன். இரண்டு பிரதி, இரண்டு பிழை, இரண்டு பேர். இந்த முறை மாரீஸ்வரியின் சொற்களிலேயே சொன்னேன். சரக்கு நமுத்துப்போனது என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப எங்கிட்டயும் இருக்குங்கிறீகளா?”

“இருக்கலாம்ங்க. இல்லாமலும் இருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும்.”

டீக்கடையில் யாரோ கண்ணாடித் தம்ளர்களை அலசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்தபடி நின்றார்.

“இருந்துச்சுன்னா, ஆத்தாட்ட நீங்க சொல்வீகளா?”

“இல்லைங்க. அதை நீங்கதான் சொல்லணும்.”

“அதுக்கு மருந்து கலக்கிறது லேசு” என்றார். பிறகு கடைக்காரரிடம் சோப்பு வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். மூன்று முறை கழுவியும் பொடி ரேகைகளில் மின்னியது. முழங்கை மடிப்பை நான் ஸ்பிரிட் வைத்து நான்கு முறை துடைத்தேன். வாசலிலிருந்து விலகி, லோடு ஆட்டோவின் இருக்கையில் உட்கார வைத்து இரத்தம் எடுத்தேன். பெயரைக் கேட்டேன், அவர் அப்பா பெயரையும் கேட்டேன், அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தேன். குழாயில் ‘தந்தை’ என்று எழுதி, கீழே அவர் பெயரையும் எழுதினேன்.

வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார். தாயில்பட்டியில் இரண்டு தெருவும் பிரியும் இடத்தில் கருப்பசாமி வேகத்தைக் குறைத்து, எங்கே இறக்கிவிட என்று கேட்டார். சங்கரபாண்டி சற்று யோசித்து, வீட்டுக்கே விடச் சொன்னார்.

நான்காம் நாள். மாரீஸ்வரியின் இரத்தத்தைக் கடைசியாக எடுத்தேன், காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில். அவளுடைய இரண்டு பிரதிகளில் ஒன்று மற்றதைவிடக் குறைவாக விழிக்கிறதா என்று அளக்க வேண்டும். அதற்கான மூலக்கூறு சூட்டில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். போன முறை நடந்தது அதுதான். சங்கரபாண்டி அன்று கம்பெனி வேனை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மாரீஸ்வரி அவருக்கும் இட்லி வைத்தாள்.

கருப்பசாமி என்னை மதுரை வரை கொண்டுவிடுவதாகச் சொன்னார். சிவகாசி தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் கடை தேடிப் போன முக்கால் மணி நேரத்தில் பெட்டிக்குள் வெப்பம் பத்தொன்பது டிகிரியிலிருந்து இருபத்து நாலுக்கு ஏறியது. இருபத்தைந்து எங்கள் எல்லை. அந்த வழியாக மீன் கூடையை டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். மீன் வேண்டாம், ஐஸ் மட்டும் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, ஐஸைக் கொடுத்துவிட்டால் மீனை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். மீனையும் சேர்த்து வாங்கினேன். இரண்டு கிலோ சாளை. ஐஸ் எனக்கு, மீன் கருப்பசாமிக்கு.

விருதுநகரில் மூன்றாவது தடவையாக அதே புரோட்டா. மதுரை மருத்துவமனையில் பெட்டியைத் திறந்ததும் பொறுப்பாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழாய்கள் உறைகலனுக்குள் போனதைக் கண்ணால் பார்த்து, எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினேன். பிறகு அங்கேயே நாற்காலியில் தூங்கிவிட்டேன்.

இதை எழுதும்போது ஐந்து வாரம் ஆகிறது. சங்கரபாண்டியிடம் குறிப்பில் உள்ள பிழை இருக்கிறது. மாரீஸ்வரியிடம் முன்னால் உள்ள பிழை இருக்கிறது, அந்தப் பிரதி மற்றதைவிட மிகக் குறைவாகவே விழிக்கிறது என்பதும் அளந்து தெரிந்துவிட்டது. குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டு, பதினேழாவது வாரத்தில் மதுரையில் பனிக்குட நீர் எடுத்தார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அம்மாவின் பிழை வந்திருக்கிறது, அப்பாவின் பிழை வரவில்லை. ஒரு பிழை மட்டும் இருந்தால் போதாது, அதற்கு இந்த நோய் வராது. மாமியார் இன்னும் அந்த வீட்டுக்கு வரவில்லை. தன்னிடமும் பிழை இருப்பதைச் சங்கரபாண்டி அவரிடம் சொல்லிவிட்டதாகக் கருப்பசாமி தொலைபேசியில் சொன்னார். கார்த்திகாவுக்கு என்ன நோய் என்று இப்போது தெரியும். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.